முப்பத்து மூன்றில் ஓடிய பாட்டு

மட்டக்களப்பில் ஒரு ஆங்கிலப் பாட்டு புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பாடிய குழுவின் சொந்த ஊரில்கூட அது அந்த வேகத்தில் கிடைக்காது. போன மாதம் கல்லடியில் ஒரு கலியாண மண்டபத்துக்கு ஒலி அமைக்க வந்த பொடியன்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் தொலைபேசியில் தேடி எடுத்த பாட்டு குதித்துக்கொண்டு ஓடியது. மேடையில் இருந்த, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வாத்தியக் குழுவோ அதே பாட்டை ஆற அமர வாசித்தது. "ஐயா, நீங்க கசட் காலத்து ஆள்தானே. இது ஏன் இஞ்ச மட்டும் இப்பிடி?" என்று என்னிடம் கேட்டார்கள். பிறகு எழுதித் தருகிறேன் என்று சொல்லிச் சாப்பிடப் போய்விட்டேன். ஏனென்றால் அதற்குக் காரணம் நான்தான்.

குழுவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உலகமே அறிந்த பெயர். சொன்னால் எந்த வருடம், எந்த இசைத்தட்டு என்று ஆளுக்காள் என்னைக் குறுக்கு விசாரணை செய்ய வருவார்கள். நான்கு பேர். கிட்டார் இரண்டு, ஒரு பேஸ், ஒரு டிரம். அவர்களுடைய பெரிய பாட்டொன்று சின்னத் தட்டாக வந்தபோது, பின்பக்கத்தை நிரப்புவதற்காகப் போட்ட பாட்டு இது. அவர்களுடைய பெரிய தட்டுகள் எதிலும் இதைச் சேர்க்கவில்லை. அவர்களே மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். சொற்களும் அதிகமில்லை. ஒரு ஆள் ஒரு பெண்ணைப் பார்த்து, கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் வரைக்குமாவது இரு, அதற்குப் பிறகு போ என்று சொல்கிறான். அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான்.

நான் ஆரையம்பதிக்காரன். வானொலித் திருத்தம் படித்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உருகிய ஈயம் விரலில் பட்டால் கையை உதறாமல் இருக்கப் பழகினேன். அதன் பிறகு புளியந்தீவில் ஒரு வானொலிக் கடையில் வேலை கிடைத்தது. முன்பக்கத்தில் ரேடியோ விற்பார்கள். பின்னறையில் இசைத்தட்டிலிருந்து கசட்டுக்குப் பாட்டுப் பதிவார்கள். அந்தப் பின்னறைக்கு அதிகாரி காசிம் காக்கா; எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். காத்தான்குடிக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வெள்ளைச் சேர்ட்டின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு வருபவர்.

காக்காவைப் போன்ற ஒரு மனிதரை நான் பிறகு காணவில்லை. பாட்டுப் பதிவதுதான் அவருடைய தொழில், ஆனால் பாட்டில் அவருக்கு ஒரு துளி ஆசையும் கிடையாது. யார் பாடுகிறார்கள் என்று கேட்டால் தட்டின் இலக்கத்தைச் சொல்வார். பதியும்போது ஒலிபெருக்கி மூடியே இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். முன்கடையில் ரேடியோ பார்க்க வந்தவனுக்கு அந்த ரேடியோவின் சத்தம்தான் கேட்க வேண்டுமாம். நாங்கள் மீட்டர் முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருப்போம். முள் சிவப்பைத் தொட்டால் குறைக்க வேண்டும், சோர்ந்து கிடந்தால் கூட்ட வேண்டும். பதிந்து முடிந்ததும் காதுக் கருவியை மாட்டி முதல் பத்து விநாடி, கடைசிப் பத்து விநாடி. அதற்கு மேல் கேட்டால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும்.

"பாட்டைக் கேக்காத தம்பி. பாட்டுக்கு முன்னால ஒரு இரைச்சல் இரிக்கு, அதைக் கேளு. அது துப்புரவா இருந்தா மத்தது தன்ட பாட்டில சரியாப் போகும்," என்பார்.

இன்னும் இரண்டு வழக்கங்களைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிழை எப்படி நடந்தது என்று விளங்காது. முதலாவது, ஒரு தட்டு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் ஊசியைப் பார்க்கும். அதிலிருந்து ஒரு மூலக் கசட் எடுப்போம். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் மூலக் கசட்டிலிருந்துதான் பிரதி. தட்டு கீறாமல் இருக்கவும் ஊசி தேயாமல் இருக்கவும் இந்த ஏற்பாடு. இரண்டாவது, கடைக்கு வந்த ஒவ்வொரு தட்டின் நடுவிலும் ஒரு வட்டக் கடதாசியைப் பசை தடவி ஒட்டி அதில் எங்கள் இலக்கத்தை எழுதுவோம். களவு போனால் அடையாளம் காட்டுவதற்காக. கடதாசி வெட்டுவதும் ஒட்டுவதும் என்னுடைய வேலை, மிகவும் அழகாக ஒட்டுவேன்.

லொறன்ஸ் அந்தத் தட்டைக் கொண்டுவந்தது நான் சேர்ந்த முதல் வருடம். அவன் கடற்கரையோரம் டச்பார் ஊரில் இருந்த பறங்கியன், தச்சுவேலைக்காரன், கிட்டார் வாசிப்பவன், என் வயதுக்காரன். கப்பலில் வேலை செய்த மாமன் கொடுத்த தட்டு. வீட்டில் தட்டுப் போடும் பெட்டி இல்லை. தட்டைக் கடைக்குத் தந்துவிட்டால் கசட்டில் சும்மா பதிந்து தருவோம் என்பதால் கொண்டுவந்திருந்தான். முன்பக்கத்துப் பெரிய பாட்டு ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. "அப்ப பின்பக்கத்த மட்டும் பதி," என்றார் காக்கா.

அன்று நான் பதிய முன்னரே கடதாசியை ஒட்டிவிட்டேன். அந்த வாரம் முழுக்க நான் பதிந்துகொண்டிருந்தது இந்தியாவிலிருந்து வந்த ஒரு கட்டுத் தமிழ்ப்பாட்டுச் சின்னத் தட்டுகள். அவை நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்று ஓடுபவை. பெட்டியின் வேக விசை முப்பத்து மூன்றிலேயே இருந்தது. லொறன்ஸின் தட்டு நாற்பத்தைந்தில் ஓட வேண்டியது. அதை அறிவிக்கும் எழுத்து என் கடதாசிக்கு அடியில் போய்விட்டது. முள் ஒழுங்காக ஆடியது. முதல் பத்து விநாடியில் ஒரு பேஸ் நரம்பின் ஒற்றை ஒலியும் யாரோ கதிரையை நகர்த்தும் சத்தமும்தான். கடைசிப் பத்து விநாடியில் கிட்டார் தேய்ந்து மறைகிறது. பாடுகிறவனின் குரலை நான் கேட்கவே இல்லை. காக்காவும் கேட்கவில்லை.

முழுப் பாட்டையும் நான் முதலில் கேட்டது சில வாரம் கழித்து, லொறன்ஸின் வீட்டு முற்றத்தில். அதற்குள் டச்பாரில் பாதிப் பேரிடம் அதன் பிரதி இருந்தது. எல்லாம் எங்கள் கடையிலிருந்து போனவை. என்ன பாட்டு அது! கனத்த ஆண் குரல், ஒவ்வொரு சொல்லையும் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கப் போகிறது. டிரம் அடி ஈர மணலில் நடப்பது போல விழுகிறது. கிட்டார்க்காரனின் விரல் நரம்பில் உரசிக்கொண்டு இறங்குவதுகூடக் கேட்கிறது. இரண்டாம் அடி தொடங்க முன் ஒரு இடைவெளி. அதில் பாடுகிறவன் விம்முகிறான். அடக்க முடியாமல் வந்த விம்மல், தொண்டைக்குள்ளிருந்து, மூன்று தரம். அந்த இடம் வந்ததும் முற்றத்தில் இருந்தவர்கள் கதையை நிறுத்தினார்கள். "பாவி, அவள் போயிட்டாள் போல," என்றாள் ஒரு மூத்த பெண்.

ஆங்கிலேயர் இப்படியும் பாடுவார்களா என்று எனக்கு ஆச்சரியம். சந்தேகம் மட்டும் வரவில்லை. இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தொழில் தெரிந்த எவனும் அந்த டிரம் சத்தத்திலேயே பிடித்திருக்க வேண்டும்.

லொறன்ஸின் கலியாணம் அடுத்த வருடம். பறங்கியர் கலியாணத்தில் வயலினும் றபான் மேளமும் சேர்ந்து துள்ளும் பாட்டுத்தான் வழக்கம். விடியக்காலைத் தேவாலயப் பூசையிலிருந்து மத்தியானம் வரை ஆடித் தீர்த்துவிட்டு, கடைசியில் அவன் இந்தக் கசட்டைப் போடச் சொன்னான். அவனும் செலீனும் மட்டும் எழுந்து மெதுவாக ஆடினார்கள். அதற்குப் பிறகு டச்பாரில் எந்தக் கலியாணமும் அந்தப் பாட்டு இல்லாமல் முடியவில்லை. லொறன்ஸ் அதைக் கிட்டாரில் எடுத்துவிட்டான். மற்றவர்கள் அவனிடமிருந்து எடுத்தார்கள்.

தொண்ணூறாம் ஆண்டில் தமிழர், முஸ்லிம் என்று எங்கள் இரண்டு பக்கத்துக்கும் இடையில் நடந்தவற்றை எழுத எனக்குக் கை வராது. ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் நடுவில் இருப்பது ஒரு எல்லைக் கல்தான், அதைத் தாண்ட எங்களுக்கு வருடக்கணக்கானது. காக்கா புளியந்தீவுக்கு வருவது நின்றது. கடையும் மூடப்பட்டது. பின்னறைக் கூரை ஒழுகத் தொடங்கியதிலிருந்தே காக்கா தட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். மூலக் கசட்டுகள் மட்டும் அங்கேயே கிடந்து பூஞ்சணம் பிடித்து அழிந்தன. நான் அதே புளியந்தீவில் ஒரு ஒழுங்கைக்குள் சின்னத் திருத்தகம் போட்டேன். வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாத ஊரில் வானொலி திருத்துவது எப்படி என்பதை வேறொரு நாள் கேளுங்கள், அதற்கு மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்று வேண்டும்.

சுனாமி டச்பாரை வழித்துக்கொண்டு போனது. நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் காலை, ஞாயிற்றுக்கிழமை. லொறன்ஸும் மகளும் பூசைக்குப் போயிருந்தார்கள். செலீன் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள்தான் அவளை எடுத்தார்கள். நான் செத்த வீட்டுக்குப் போனேன், ஆனால் வீடு என்று சொல்ல ஒன்றும் இல்லை, தன்னாமுனையில் ஒரு உறவினரின் முற்றத்தில் வைத்திருந்தார்கள். லொறன்ஸ் என் கையைப் பிடித்தான். கிட்டார், கசட்டுகள், கலியாணப் படம் எதுவும் மிஞ்சவில்லை. அந்தப் பாட்டு இருந்த மற்ற வீடுகளும் அந்தக் கரையில்தான் இருந்தன.

அதற்குப் பிறகு நாலரை வருடம் அவன் என்னிடம் வரவில்லை. புது வீடு பனிச்சையடியில் கிடைத்தது என்றும், கிட்டாரைத் தொடுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன். யுத்தம் முடிந்த வருடம், ஒரு புதன்கிழமை காலை, கையில் ஒரு சீடியுடன் கடைக்குள் வந்தான். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"தவம், ஒண்டு கேப்பன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளு மச்சான்."

"எங்கட கலியாணத்தில கடைசியாப் போட்ட பாட்டு, மெதுவான பாட்டுத்தானே?"

"ஓம். நான் பதிஞ்சு தந்ததுதானே. ஏன்?"

அவன் சீடியை நீட்டினான். மகளுக்குக் கலியாணம் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை கொழும்பில் கணினி வேலை செய்கிறவன். அம்மாவும் அப்பாவும் ஆடிய பாட்டுக்கு அப்பாவோடு ஆட வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளை இணையத்தில் தேடி எடுத்து அனுப்பிவிட்டான். சீடியைப் போட்டேன். அதே குழு, அதே சொற்கள், அதே கேத்தல். பாட்டு மட்டும் சந்தையில் மாட்டை அவிழ்த்துவிட்டது போல ஓடியது. பாடுகிறவன் உச்சக் குரலில் கத்துகிறான். மூன்று நிமிடம் முடிய முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

"இதுக்கு ஆர் மச்சான் ஆடுவான்?" என்றான் லொறன்ஸ். "நான் இது இல்ல எண்டு சொன்னன். மகள் சொல்றா, அப்பா இந்தப் பேரில வேற பாட்டே இல்ல, உங்களுக்கு மாறிப்போச்சு எண்டு. அவ நல்லதுக்குத்தான் சொல்றா. நானும் நாலு நாளா யோசிச்சுப் பாக்கிறன். எனக்குச் செலீன்ட முகமே சில நேரம் சரியா வருகுதில்ல. அந்தப் பாட்டு மட்டும் அப்பிடியே கிடந்திச்சு. இப்ப அதுவும் பிழை எண்டா, மறுகா நான் எதைத்தான் நம்புற?"

இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒரு பின்னேரம் கண்முன் வந்தது. பெட்டி, விசை, கடதாசி, பசை. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "தட்டைத் தேடிப் பாக்கிறன். வெள்ளிக்கிழமை வா," என்று மட்டும் சொன்னேன். கலியாணம் சனிக்கிழமை.

அன்று பின்னேரமே காத்தான்குடிக்குப் போனேன். காக்காவின் வீட்டு முன்பகுதியில் மகனுடைய நெசவுத்தறி ஓடிக்கொண்டிருந்தது. காக்காவுக்கு நரை விழுந்திருந்தது, மேல் பொத்தான் அப்போதும் பூட்டியிருந்தது. பத்து வருடத்துக்கு மேல் நாங்கள் நின்று பேசியதில்லை, பஸ்ஸில் கண்டால் தலையை ஆட்டுவோம். எனக்குத் தேத்தண்ணி வந்தது. லொறன்ஸின் தட்டுக்கு நான் எழுதிய இலக்கம் மறக்கவில்லை, அதைச் சொன்னேன். எழுந்து உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் தட்டுடன் வந்தார். எல்லாவற்றையும் நிமிர்த்தி, இலக்கப்படி, பழைய சாறித் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். பாடினவர் யார் என்று அவருக்கு இப்போதும் தெரியாது.

"காக்கா, நடுக் கடதாசியை உரிக்கணும்," என்றேன்.

"ஏன்?"

"அடியில என்ன எழுதியிருக்கெண்டு பாக்கணும்."

அவர் என்னை உரிக்க விடவில்லை. பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கடதாசியின் மேல் வைத்தார். தண்ணீர் பள்ளங்களுக்குள் போகாமல் சுற்றிவரத் துணியால் அணை கட்டினார். ஐந்து நிமிடம் இருவரும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் முழு வட்டத்தையும் எடுத்தார். அடியில் வெள்ளி எழுத்தில் நாற்பத்தைந்து என்று இருந்தது.

நான் நடந்ததைச் சொன்னேன். லொறன்ஸின் கதையையும் சொன்னேன். அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீட்டர் சரியாத்தானே காட்டினது," என்றார்.

"ஓம் காக்கா. மீட்டர் சரிதான்."

"அப்ப நான் சொல்லித் தந்த முறை பிழை." அதைச் சொல்லும்போது அவருக்கு முகம் கறுத்துவிட்டது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பாட்டு எப்பிடி இருந்த, நல்லமா?" என்று கேட்டார். அவரிடமிருந்து அப்படி ஒரு கேள்வியை நான் அன்றுதான் கேட்டேன்.

"நல்லாயிருந்திச்சு காக்கா. ஊரே ஆடிச்சு."

"ஒருத்தரும் குறை சொல்லித் திருப்பிக் கொண்டு வரல்ல, அதான் கேட்டன்," என்றார். பிறகு தட்டை மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, புதிய துணியில் சுற்றித் தந்தார். போகும்போது, "லொறன்ஸ்கிட்ட உண்மையச் சொல்லிரு. என்னையும் சேர்த்துச் சொல்லு," என்றார்.

வியாழக்கிழமை கடையைப் பாதி சாத்திவிட்டு அந்தப் பாட்டை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாற்பத்தைந்தில் ஒரு தரம், முப்பத்து மூன்றில் ஒரு தரம், மாறி மாறி. இருபத்தைந்து வருடம் பாட்டுத் தொழில் செய்தவன் ஒரு பாட்டை முதல்முறையாக உட்கார்ந்து கேட்டது அன்றுதான் என்று சொன்னால் நம்ப வேண்டும். நாற்பத்தைந்தில் அது பகிடிப் பாட்டு. பாடுகிறவனுக்கு அவள் போக மாட்டாள் என்று நன்றாகத் தெரியும், கேத்தலைச் சாட்டாக வைத்துச் சீண்டுகிறான். டிரம்காரன் விளிம்பில் தட்டித் தட்டிச் சிரிப்பு மூட்டுகிறான். முப்பத்து மூன்றில் அவனுக்கு ஒன்றுமே நிச்சயமில்லை. அவள் எழுந்துவிட்டாள், கேத்தல் கொதிக்கும் நேரம் மட்டும்தான் மிச்சம். சொற்களில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. இரண்டும் ஒரே நாளில் ஒரே அறையில் பாடியது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. விம்மல் வரும் இடத்தை மட்டும் நாற்பத்தைந்தில் வைத்துப் பலமுறை கேட்டேன். அது விம்மல் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு லொறன்ஸ் வந்தான். நான் எதையும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தட்டைக் காட்டினேன், உரித்த கடதாசியில் என் கையெழுத்தைக் காட்டினேன். அவன் கடதாசியை வாங்கித் திருப்பிப் பார்த்தான். என்னை அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"அப்ப எனக்கு ஒண்டும் மாறிப்போகல்ல," என்றான்.

"இல்ல மச்சான். உனக்கு எல்லாம் சரி. நான்தான் பிழை."

"இதை மகளுக்கு முன்னால சொல்லுவியா?"

"கலியாண மேடையில ஏறியும் சொல்லுவன்."

அதன் பிறகுதான் அவன் கதிரையில் இருந்தான். விம்மல் வரும் இடத்தை நாற்பத்தைந்தில் போட்டுக் காட்டினேன். ஒருவன் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மூக்கால் விடுகிற சத்தம், மூன்று தரம். லொறன்ஸ் என்னை வெறித்துப் பார்த்தான்.

"சிரிக்கிறானா?"

"சிரிக்கிறான்."

"பாவி! இருபத்தஞ்சு வருசமா நாங்க எல்லாரும் அவனுக்காக அழுதுகொண்டு ஆடினம்." சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான், பிறகு சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். "சரி, இது அவங்கட பாட்டு. எங்கடதப் பதிஞ்சு தா."

விசையை முப்பத்து மூன்றில் போட்டுப் பாட்டை விட்டேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவன் தலையைச் சரித்துக் கேட்டான். முதல் அடி முடிய முன்னரே கையைக் காட்டி நிறுத்தினான்.

"கிட்ட வந்திட்டுது. ஆனா இது இல்ல."

"முப்பத்து மூண்டுதானே மச்சான். அப்பவும் இதேதான்."

"இல்ல தவம். அது இன்னும் கொஞ்சம் இழுக்கும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் போய்யா என்றிருப்பேன். ஆனால் அவன் சொன்னது சரி. பழைய கடையின் பெட்டியில் தட்டைச் சுழற்றுவது ஒரு ரப்பர்ச் சில்லு. அது காய்ந்து வழுக்கும், அதனால் அந்தப் பெட்டி எதையும் கொஞ்சம் பிந்தித்தான் ஓட்டும். எவ்வளவு பிந்தியது என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பெட்டி எப்போதோ இரும்புக்குப் போய்விட்டது. அந்தப் பிந்தல் இப்போது மிஞ்சியிருந்தால் லொறன்ஸின் உடம்பில் எங்கேயாவதுதான் மிஞ்சியிருக்க வேண்டும்.

என்னிடம் இருந்த பெட்டி ரப்பர்ப் பட்டியில் ஓடுவது. அதன் அடியில் ஒரு துளை, துளைக்குள் வேகத்தைத் திருத்தும் சின்னத் திருகு. பெட்டியை மேசை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வைத்தேன். சாக்கொன்றை விரித்து மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்குரூ டிரைவரைத் துளைக்குள் விட்டேன். இதையெல்லாம் இப்போது கணினியில் ஒரு சொடுக்கில் செய்யலாம் என்று பொடியன்கள் சிரிப்பார்கள். எனக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் எவ்வளவு குறைப்பது என்று கணினிக்கு யார் சொல்வது? கொஞ்சம் குறைத்தேன். "இப்ப?" "கூடிப்போச்சு, சவ ஊர்வலம் மாதிரி." கூட்டினேன். "இப்ப?" "தெரியுதில்ல." நாலைந்து தரம் ஊசியைத் தொடக்கத்தில் வைத்தோம். காதால் கேட்டுக் கேட்டு அவனுக்கே குழம்பிவிட்டது. முகத்தை உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டு இருந்தான். நாளைக்குக் கலியாணம். புதன்கிழமை போல அவனுக்கு மறுபடியும் சந்தேகம் வந்துவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்தது.

"கேக்காத மச்சான்," என்றேன். "எழும்பி ஆடிப் பாரு."

அவன் மறுக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். வெளியே ஒழுங்கையில் மீன்காரனின் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. கதிரை நகரும் சத்தம் கேட்டது. ஊசியை அவனே வைத்தான்.

மேசைக்கு அடியிலிருந்து எனக்கு அவனுடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ரப்பர்ச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். வலது கால் முன்னே போனது, இடது கால் சேர்ந்தது, நின்றது, பாட்டு வந்து சேரும் வரை காத்திருந்தது. கால் பாட்டுக்கு முந்தி விழுந்தால் நான் கூட்டினேன், பிந்தினால் குறைத்தேன். இரண்டாவது தடவை ஓட விட்டபோது, முதல் அடியின் நடுவில், காலும் டிரம்மும் ஒன்றாக விழத் தொடங்கின. அதிலிருந்து அவன் கால்கள் தயங்கவில்லை. இரண்டு பேருக்கு இடம் விட்டு அவை மெதுவாகச் சுற்றின. எதிரே இன்னொரு சோடிக் கால்கள் வைக்கப்படும் இடத்தை அவன் ஒரு தரமும் மிதிக்கவில்லை. நான் ஸ்குரூ டிரைவரை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

"இதுதான்," என்றான் மேலிருந்து. "பதி."

பதிவதில் ஒரு சிக்கல். திருகு தேய்ந்திருந்தது, விட்டால் தன் எண்ணத்துக்கு நகரும். முழுப் பாட்டுக்கும் நான் அடியில் படுத்துப் பிடிக்க வேண்டும், அவன் முழுப் பாட்டுக்கும் ஆட வேண்டும், நான் அவன் காலைப் பார்த்துத் திருத்த வேண்டும். வேறு வழியில்லை. பதிவுக் கருவியை அமுக்கிவிட்டு மறுபடி சாக்கில் படுத்தேன். ஒலிபெருக்கி முழுதாகத் திறந்திருந்தது. பேஸ் நரம்பு ஒலித்தது, கதிரை நகர்ந்தது, அவன் கால் எழுந்தது. சிரிப்பா விம்மலா என்று இனி எவரும் சொல்ல முடியாத அந்த இடம் வந்தபோது அவன் இரண்டு காலும் ஒரு கணம் நின்று, திரும்ப நடந்தன.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசி அடிக்கு வரும்போது என் விரல் வியர்த்து, திருகு ஒரு மயிரிழை நகர்ந்துவிட்டது. பாட்டு முந்தத் தொடங்கியது. அவன் கால் பிந்திப்போய், ஒரு அரை எட்டு வைத்து ஓடிப் பிடித்தது. நாசமாப் போச்சு, திரும்பவும் முதலிலிருந்து என்று நினைத்துக்கொண்டு அவசரமாகத் திருகைப் பின்னால் திருப்பப் போனேன்.

"தொடாத தவம், விடு," என்றான் லொறன்ஸ், ஆடிக்கொண்டே. "செலீனும் இந்த இடத்தில எப்பவும் கொஞ்சம் முந்திருவா."

நான் கையை எடுத்தேன்.